எண்ணெய் பட்ட ஹூடியில் தொழலாமா? ஆடைத் தூய்மையும் ஆடைப் பேணுதலும்

 



குளிர் தொடங்கிவிட்டது. நம் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கார்த்திகை பிறந்துவிட்டால் விடியற்காலை ஷிப்டுக்கு பாகலூரிலிருந்தும் மத்திகிரியிலிருந்தும் பைக்கில் கிளம்புகிற பிள்ளைகள் ஹூடி இல்லாமல் வெளியே வருவதில்லை. அத்திபள்ளிப் பக்கமிருந்து எல்லை தாண்டி சிப்காட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். ஃபஜ்ரு ஜமாஅத்தில் பின் வரிசையிலிருந்து பார்த்தால் பாதிப் பேருக்குத் தொப்பிக்குப் பதில் ஹூடியின் தலைமூடிதான். அதனால் இந்த வாரம் ஜும்ஆவில் அந்த ஆடையைப் பற்றியே பேசினேன். நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ஹஜ்ரத், கம்பெனியில் துணியில் ஆயில் பட்டுவிட்டது. இதோடு தொழுதால் கூடுமா?" கேட்கிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமலே "துணி சுத்தமில்லை, ரூமுக்குப் போய் மாற்றிக்கொண்டு களா செய்துகொள்ளலாம்" என்று ளுஹரையும் அஸரையும் தள்ளிப்போடுகிறவர்கள்தான் கவலை தருகிறார்கள். ஒரு சட்டைக் கறைக்காக நாளுக்கு இரண்டு வக்து தொழுகை போகிறது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு நாளும் ஹூடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு கைப்பிடி பவுடர் கொட்டி, முறுக்கிப் பிழிந்து, இரண்டே மாதத்தில் கந்தலாக்கி அடுத்ததை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் குழப்பம் ஒன்றுதான். அழுக்குக்கும் நஜீஸுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவில்லை.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு

மார்க்கம் நஜீஸ் என்று சொல்பவை எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சிறுநீர், மலம், வழிந்தோடும் இரத்தம், சீழ், வாய் நிறைய வந்த வாந்தி, மது, பன்றி சம்பந்தப்பட்டவை போன்றவை. இன்ஜின் ஆயில் அதில் இல்லை. கிரீஸ் இல்லை. லேத்தில் தெறிக்கிற கூலண்ட் இல்லை. இரும்புத் தூள், பெயிண்ட், வெல்டிங் கரி எதுவும் இல்லை. இவையெல்லாம் அழுக்கு, நஜீஸ் அல்ல. இவை பட்ட துணியோடு தொழுத தொழுகை கூடும், திரும்பத் தொழ வேண்டியதில்லை. "அந்த கூலண்டில் என்னென்ன கலக்கிறார்களோ" என்று ஒருவர் கேட்டார். உறுதியாகத் தெரிந்த சுத்தம் வெறும் சந்தேகத்தால் போய்விடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நஜீஸ் கலந்தது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாதவரை அது சுத்தமானதே.

வியர்வையும் சுத்தமானதே. ஆகவே உள்ளே ஒரு டீ-ஷர்ட் போட்டு அதன்மேல் அணிகிற ஹூடியை, வியர்த்துவிட்டது என்பதற்காக மட்டும் தினம் துவைக்க மார்க்கத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. மழைநாளில் சர்வீஸ் ரோட்டில் லாரி தெறிக்கவிட்டுப் போகிற சேறும், அதில் நஜீஸின் அடையாளம் கண்ணுக்குத் தெரியாதவரை, தவிர்க்க முடியாத சிரமம் என்பதால் மன்னிக்கப்பட்டது. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது தெருநாய் உரசிவிட்டால்? நாயின் உடலும் உங்கள் துணியும் உலர்ந்திருந்தால் ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் துணி நஜீஸாவதில்லை. வாய் வைத்து எச்சில் பட்டால் கழுவும் சட்டம் வருகிறது. ஷாஃபியில் ஏழு முறை, அதில் ஒன்று மண் கலந்த நீரால். ஹனஃபியில் மற்ற நஜீஸைப் போல மூன்று முறை.

ஒரே ஒரு எச்சரிக்கை. துணியில் பட்ட கிரீஸ் தொழுகையைத் தடுக்காது. ஆனால் கையில் பட்ட கெட்டி கிரீஸ், உலர்ந்த பெயிண்ட், எம்-சீல், ஒட்டும் பசை ஆகியவை தோலில் நீர் படுவதைத் தடுத்தால் உளூவைத் தடுக்கும். அதைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் உளூ செய்ய வேண்டும். துணியை விட்டுவிட்டு முதலில் விரல்களைப் பாருங்கள்.

மதீனாவின் தொழிலாளிகள்

அப்படியானால் ஆயிலோடும் வியர்வையோடும் அப்படியே ஜும்ஆவுக்கு வரலாமா? கூடும் என்பது வேறு, அழகு என்பது வேறு.

ஜும்ஆக் குளிப்பு எப்படி வந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் விவரித்திருக்கிறார்கள். நபித்தோழர்கள் உழைக்கிற மக்கள். மதீனாவின் மேட்டுப்பகுதிக் கிராமங்களிலிருந்து முறைவைத்து வருவார்கள். உடம்பில் கம்பளி ஆடை, தலையில் புழுதி, வெயிலில் வியர்வை. பள்ளிவாசலோ இடம் குறுகியது, கூரை தாழ்ந்தது. ஒருவர் வாடை இன்னொருவருக்குத் தொல்லையானது. அப்போதுதான் நபி (ஸல்) அவர்கள் இந்த நாளில் குளித்து வரும்படியும், இருப்பதில் நல்ல நறுமணத்தைப் பூசிக்கொள்ளும்படியும் அறிவுறுத்தினார்கள். ஷிப்ட் விட்டு நேராக வருகிற நம் ஜமாஅத்தின் நிலைமையை இதைவிடச் சரியாக எந்த நூலில் தேடுவது? கம்பளிக்குப் பதில் ஹூடி, அவ்வளவுதான்.

வேலைக்கு அணியும் ஆடை தவிர ஜும்ஆவுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ள வசதி இருந்தால் நல்லது என்ற வழிகாட்டல் அபூதாவூதில் இருக்கிறது. இதை நம் ஊருக்குத் தக்கபடி செய்வது எளிது. வேலைக்கு ஒரு ஹூடி, தொழுகைக்கும் வெளியே போகவும் ஒன்று. வெள்ளிக்கிழமை பையில் மாற்றுச் சட்டை ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டும் நீடிக்கும்; ஒன்றையே தினம் அணிந்து தினம் துவைத்தால் அது சீக்கிரம் போகும். அழுக்கு உடையோடு ஒருவரைப் பார்த்தபோது, துவைத்துக்கொள்ள இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தியும் அபூதாவூதில் உண்டு. தொழுகை கூடுகிறதே என்று அழுக்கோடே திரிவதற்கு இங்கே யாரும் அனுமதி தரவில்லை.

இறுகிய கை

ஹூடியின் மணிக்கட்டுப் பட்டை இறுக்கமாக இருக்கும். உளூவுக்கு அதை முழங்கைக்கு மேல் ஏற்றி ஏற்றியே பல ஹூடிகளின் பட்டை தொளதொளத்துப் போகிறது. அவசரத்தில் பாதி ஏற்றி, முழங்கையில் தண்ணீர் படாமலே உளூவை முடிப்பவர்களையும் ஹவுளருகே பார்க்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தபூக் பயணத்தில் கை குறுகிய ஷாம் நாட்டுக் கம்பளி ஜுப்பா அணிந்திருந்தார்கள். உளூ செய்யும்போது கை மேலே ஏறவில்லை. அவர்கள் அதை இழுத்துப் போராடவில்லை. ஜுப்பாவின் அடிப்பக்கமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். தண்ணீர் ஊற்றிக்கொடுத்த முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) இதை அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. நமக்கும் இதுதான் வழி. ஹூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உளூ செய்யுங்கள். உளூ நிறைவாகும், பட்டையும் தப்பிக்கும்.

உளூ முடிந்ததும் கை துழாவி அணிந்துகொள்ளுங்கள். கையை நுழைக்காமல் தோள்மேல் வெறுமனே தொங்கவிட்டுத் தொழுவது ஹனஃபியில் மக்ரூஹ். கையைச் சுருட்டிவிட்டபடி தொழுவதும் அப்படியே. தலைமூடி நெற்றிக்குக் கீழே சரிந்து ஸஜ்தாவில் தரைக்கும் நெற்றிக்கும் நடுவே வராமல் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஷாஃபி மத்ஹபில் இது ஸஜ்தாவையே பாதிக்கும். நெஞ்சில் சிங்கம், மண்டை ஓடு, நடிகர் முகம் அச்சடித்த ஹூடிகளைத் தொழுகைக்கு அணியாதீர்கள். அதைப் பற்றித் தனியே பேசவேண்டும்; இன்று வேண்டாம்.

மெஷினில் போடும் முன்

வாடகை வீடுகளில் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் மெஷின்தான். அதில் ஒரே சோப்புத் தண்ணீரில் அடுத்தடுத்து மூன்று நான்கு தடவை துணி போட்டு எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். குழந்தை சிறுநீர் பட்ட துணி முதல் தடவையில் போயிருந்தால் பிறகு போட்ட தொழுகைத் துணிகளின் நிலை என்ன? தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில், கண்ணுக்குத் தெரியாத நஜீஸ் பட்ட துணியை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும். கண்ணுக்குத் தெரிவது என்றால் அது நீங்கும்வரை. நீங்கியபின் எளிதில் போகாத நிறம் மட்டும் தங்கினால் அது மன்னிக்கப்பட்டது. ஷாஃபியில் கொஞ்சத் தண்ணீருக்குள் நஜீஸ் துணியைப் போட்டால் அந்தத் தண்ணீரே நஜீஸாகிவிடும். துணியின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும்.

இரண்டு மத்ஹபுக்கும் பொருந்துகிற எளிய வழி ஒன்று உண்டு. நஜீஸ் பட்ட இடத்தை முதலில் குழாயடியில் தனியாக அலசிப் பிழிந்து சுத்தமாக்கிவிட்டு, அதன்பிறகு மெஷினில் போடுங்கள். ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு அலசலுக்கும் பழைய தண்ணீர் வெளியேறிப் புதுத் தண்ணீர் வரும். அதிலும் அலசலை மூன்றாக வைத்தால் மனம் நிம்மதி. அதற்குமேல் நான்காவது, ஐந்தாவது என்று போவது பேணுதல் அல்ல, வஸ்வாஸ்.

கறை எடுக்கும் வரிசையையும் நபிமொழியிலிருந்தே கற்கலாம். ஆடையில் இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டபோது, முதலில் சுரண்டி எடுத்து, பிறகு தண்ணீர் விட்டு விரலால் தேய்த்து, பின்பு அலசி, அதிலேயே தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இரத்தக் கறைக்கு இன்றைக்கும் இதே வரிசைதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் இரத்தம் நூலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் கறைக்கு முறை வேறு. அதன்மேல் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த துணியிலேயே முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டுத் தட்டிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, அரைமணி நேரம் வைத்து அலசுங்கள். கறை முழுதும் போகும்வரை வெயிலிலும் காயப்போடக்கூடாது, இஸ்திரியும் வைக்கக்கூடாது. சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெட்ரோலும் தின்னரும் விட்டுத் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாயம் போவது இருக்கட்டும், அந்தத் துணியை மெஷினில் போட்டால் தீப்பிடிக்கும்.

இனி சாதாரணத் துவைப்பு. ஹூடித் துணியின் வெளிப்பக்கம் வழுவழுப்பாக, உள்பக்கம் பஞ்சு போல் இருக்கும். உள்பக்கத்து நூலைப் பிரஷ் வைத்துக் கிளறிவிட்டுத்தான் அந்தப் பஞ்சை உண்டாக்குகிறார்கள். அந்தப் பஞ்சுக்குள் தங்குகிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. சுடுதண்ணீரும் அதிக சோப்பும் கடும் தேய்ப்பும் அந்தப் பஞ்சைச் சப்பையாக்கிவிடும். பிறகு ஹூடி கனக்கும், சூடு தராது. ஆகவே ஜிப்பை மூடி, கயிற்றை முடிந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். ஜீன்ஸோடு சேர்க்காதீர்கள், உரசி மேலெல்லாம் உருண்டை உருண்டையாக நூல் திரளும். டவலோடும் வேண்டாம், அதன் பஞ்செல்லாம் இதில் ஒட்டும். துவைகல்லில் அடிப்பது லுங்கிக்குச் சரி, ஹூடிக்கு அல்ல.

நம் பகுதி போர் தண்ணீர் உப்பு. நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னொரு கைப்பிடி பவுடர் போடுகிறோம். அந்தப் பவுடர் அலசிப் போகாமல் நூலிலேயே தங்கி, துணி விறைத்து, கறுப்பு ஹூடி சாம்பல் பூத்துப் போகிறது. நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. குறைந்த சோப்பு, நல்ல அலசல், அவ்வளவே. விறைப்பு தெரிந்தால் கடைசி அலசலில் சிறு கிண்ணம் வெள்ளை வினிகர் எப்போதாவது விடலாம். ஆனால் வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்புகிற வாயு நெஞ்சை அடைக்கும். பள்ளிவாசல் கழிவறை கழுவுகிற தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒன்றாக வேண்டவே வேண்டாம்.

காயவைக்கும்போது ஈர ஹூடியை ஹேங்கரில் மாட்டினால் தண்ணீர்க் கனத்தில் தோள் இழுபட்டுத் தொங்கும். கயிற்றின்மேல் நடுவாக மடித்துப் போடுங்கள். நிழலும் காற்றும் போதும். நேர்வெயில் கறுப்பை வெளுக்கச் செய்யும். மார்கழியில் ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் வருகிற வாடை எந்த அத்தருக்கும் அடங்காது. எனவே லீவு நாளில் காலையிலேயே துவைத்துவிடுங்கள். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் எறியாமல் ஜன்னலோரம் காற்றில் மாட்டினாலே வாடை பாதி போய்விடும்.

துவைப்போடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் கயிறு தொங்கும் ஹூடியோடு நிற்காதீர்கள். சக் சுற்றும்போது கயிறோ கையோ மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். உயிரைப் பேணுவது ஃபர்ளு. கயிற்றை உருவி எடுத்துவிடுங்கள், அல்லது மெஷினுக்கு வெளியே கழற்றிவையுங்கள்.

ஒரு ஹூடியின் விலை

"அறுநூறு ரூபாய்க்கு வாங்கியது ஹஜ்ரத், போனால் போகட்டும்" என்கிறார்கள். அதன் விலை அறுநூறு அல்ல. ஒரு கிலோ பருத்திக்கு, உலகச் சராசரியில், சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது நீர்க்கணக்கு நிபுணர்களின் மதிப்பீடு. ஒரு ஹூடி அரைக் கிலோ எடை. சாயம் போடுவதற்கு ஆகும் விலை இன்னொன்று. நம் ஹூடிகள் பல திருப்பூர்ப் பக்கம் பின்னப்பட்டவை. அங்கே சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் ஓடியது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குளமானது. கீழே இருந்த விவசாயிகள் அணையின் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று போராட வேண்டிய நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை அதன்பிறகு உண்டானது. நாம் இரண்டு மாதத்தில் கந்தலாக்குகிற துணிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய வயலும் கிணறும் இருக்கின்றன.

தண்ணீரின் அருமை நமக்குப் புதிதல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள்? நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லிட்டர் அளவுத் தண்ணீரில் உளூவை முடித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். தொழுமிடத்துக்கு அலங்காரத்தோடு வரச் சொல்வதும் வரம்பு மீறி விரயம் செய்வதைத் தடுப்பதும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன.

தையல் பிரிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். ஜிப் போனால் டெய்லரிடம் கொடுத்தால் புது ஜிப் வைத்துத் தருவார். இதில் வெட்கம் எதற்கு? நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்தபோது, அவர்களின் இரு தோள்களுக்கிடையே சட்டையில் மூன்று ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததைத் தாம் பார்த்ததாக அனஸ் (ரலி) சொல்லும் செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது.

அளவு சிறுத்துப்போனதை, பிள்ளைகள் வளர்ந்து போடாமல் விட்டதைக் கொடுத்துவிடுங்கள். சூளகிரிப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் மெல்லிய சட்டையோடு குளிரில் நிற்கிறார்கள். குளிர் முடிந்தபின் மாசியில் கொடுத்து என்ன பயன்? இப்போதே கொடுங்கள். துவைத்து, காயவைத்து, பாக்கெட்டைத் துழாவிப் பார்த்து, ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்துக் கொடுங்கள். நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளித்து வாங்குகிற பொருளை நாம் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கக்கூடாது என்பதை அல்பகரா 267ஆம் வசனம் உணர்த்துகிறது.

யாருக்கும் கொடுக்க முடியாத அளவு நைந்துபோனது என்றால் ஜிப்பையும் கயிற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைச் சதுரம் சதுரமாக வெட்டுங்கள். உள்பக்கத்துப் பஞ்சு ஆயிலை நன்றாக உறிஞ்சும். கம்பெனியில் மெஷின் துடைக்கக் கடையில் வாங்குகிற பனியன் வேஸ்ட்டை விட அது நன்றாகவே துடைக்கும்.